பம்பளிமாஸும் அசாம் போயும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் கோடை என்று தனியாக ஒரு பருவம் கிடையாது. வெயிலும் மழையும் ஆண்டு முழுவதும் மாறி மாறி வரும். ஆனால் ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர்களைக் கேட்டால் கோடை எந்த மாதம் என்று தயங்காமல் சொல்வார்கள். சனவரிக் கடைசியில் ரப்பர் இலைகள் பழுத்துச் சிவக்கத் தொடங்கும். பிப்ரவரியில் மலை மலையாகத் தோட்டம் மொட்டையாக நிற்கும். நிழலிலேயே பழகிய தொழிலாளர் லயத்து வீடுகளின் தகரக் கூரை மேல் வெயில் நேராக இறங்கும். துளிர் விட்டு இலை முற்றும்வரை மரத்தில் பால் குறைவு. பால் குறைந்தால் கூலியும் குறைவு. கையில் காசு இல்லாத மாதமும் தொண்டை வறளும் மாதமும் ஒன்றாகவே வரும்.

சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் 1950களில் பிறந்து, ஈப்போ வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெண்மணி, தம் வீட்டில் கலக்கும் பழ பானத்தைப் பற்றிக் கேட்டால் அந்த மொட்டை மரங்களிலிருந்துதான் பேச்சைத் தொடங்குவார். ஈப்போவின் புந்தோங் பகுதியில் எல்லாருக்கும் அவர் டீச்சர்தான். அவர் வீட்டுக் கண்ணாடிச் சாடியில் தம்புன் பம்பளிமாஸ், லீமாவ் கஸ்தூரி என்ற சிறு எலுமிச்சை, அசாம் போய் என்ற உப்பிட்டு உலர்த்திய பழம், இஞ்சி, புதினா, சோடா எல்லாம் இருக்கும். மது இருக்காது. வேண்டியவர்களுக்கு ஜின் போத்தல் தனியாக, பக்கத்து மேசையில் இருக்கும். இந்தப் பிரிவினைக்குப் பின்னால் நீண்ட கதை இருக்கிறது.

அவருடைய அம்மா பால்மரம் வெட்டியவர். விடிவதற்கு முன் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்புக்குப் போய், தலைவிளக்கு வெளிச்சத்தில் வெட்டத் தொடங்கி, மங்குகளில் நிறைந்த பாலை வாளியில் சேர்த்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும்போது நடுப்பகல் நெருங்கிவிடும். லயத்துக்குப் பின்னால் ஒரு கஸ்தூரி எலுமிச்சைச் செடி நின்றது. கோலிக்குண்டு அளவுக் காய்கள். பச்சைத் தோல், உள்ளே ஆரஞ்சு நிறச் சாறு. அம்மா அதில் ஏழெட்டைப் பிழிந்து, கிணற்றுத் தண்ணீர் ஊற்றி, சர்க்கரையும் உப்பும் போடுவார். உப்பு கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். பிள்ளைகள் முகம் சுளித்தால், "வேர்வையில போனது திரும்பி வரணும்ல, குடி" என்பார்.

அம்மாவின் கணக்கு சரியானது. உப்பும் சர்க்கரையும் சேர்ந்திருந்தால் குடல் தண்ணீரை நன்றாக உறிஞ்சும். 1971ல் வங்காளதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மஹலனபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கொடுத்தே ஏராளமானோரைக் காப்பாற்றினார். அந்தச் செய்தியைப் பல ஆண்டுகள் கழித்துப் படித்தபோது டீச்சருக்கு அம்மாவின் அலுமினியச் சொம்பு நினைவுக்கு வந்ததாம். வகுப்பில் அறிவியல் பாடம் எடுக்கும்போதெல்லாம் அதைச் சொல்லிவிடுவார்.

சம்பள நாளில் மட்டும் குளிர்ச்சி கிடைக்கும். சைக்கிளில் வரும் ஐஸ்காரர், மரப்பலகையில் பொருத்திய கத்தியில் ஐஸ் கட்டியை இழைத்து, துருவலை உள்ளங்கையில் உருட்டி, ஒரு பக்கம் சிவப்பு சிரப்பும் மறு பக்கம் கருப்பட்டிப் பாகும் ஊற்றிக் கொடுப்பார். மலாய்க்காரர்கள் ஐஸ் கெப்பால் என்று சொல்லும் பண்டம் இதுதான். கிண்ணமும் இல்லை, கரண்டியும் இல்லை. உருண்டையைக் கையில் பிடித்து உறிஞ்ச வேண்டும். முழங்கை வரை சிவப்பாக வழியும். தோட்டத்தில் ஐஸ் பெட்டி இருந்த ஒரே இடம் துரை பங்களா. லயத்துப் பிள்ளைகளுக்கு அந்த உருண்டைதான் குளிர் என்றால் என்னவென்று சொல்லித்தந்தது.

பெரியவர்களின் தாகத்துக்கு வேறு இடம் இருந்தது. லயங்களைத் தாண்டி, ஓடையோரம், தகரக் கூரையும் கம்பி வலையும் போட்ட கள்ளுக்கடை. பிற்பகலில் திறப்பார்கள். தென்னம்பாளையைச் சீவி வடித்த கள் அங்கே பீப்பாயில் வந்து இறங்கும். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கினால் இனிக்கும் பதநீர். சுண்ணாம்பு இல்லாவிட்டால் காற்றிலிருக்கும் ஈஸ்ட் சில மணி நேரத்திலேயே சர்க்கரையைச் சாராயமாக்கத் தொடங்கிவிடும். ஒரு நாள் தாண்டினால் காடியாகப் புளித்துப் போகும். எனவே இறக்கிய கள்ளை அன்றே குடித்துத் தீர்க்க வேண்டும். அன்றே தீர்ந்தால் அன்றைய கூலியும் தீரும்.

தோட்டக் கள்ளுக்கடை தொழிலாளி தானாகத் தேடிப்போன கடை மட்டும் அல்ல. உரிமம் வாங்கி, தோட்டத்துக்குள்ளேயே நடந்த கடை அது. கொடுத்த கூலியில் ஒரு பங்கு அங்கே போய்ச் சேர்ந்தது; களைத்த உடம்பு மறுநாள் பெரட்டுக்கு வந்து நின்றது. இதை எதிர்த்து நின்றவர்களும் தொழிலாளர்கள்தான். 1941ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முன்னின்ற வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடும், துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதோடும், தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. நாதன் கைதாகி இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். வேலைநிறுத்தத்தை அடக்கப் படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். போர் முடிந்தபின் 1947ல் கெடாவில் பீடோங்கை ஒட்டிய தோட்டங்களில் தொண்டர் படை கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தது. மலாயாத் தமிழர் வரலாற்றில் குடியைப் பற்றிப் பேசும் எவரும் இந்த இரண்டு ஆண்டுகளையும் மறக்கக் கூடாது. அன்று அவர்கள் எதிர்த்தது கள்ளின் சுவையை அல்ல. அது யாருடைய லாபத்துக்காக, யாருடைய வீட்டுக் காசில் ஓடியது என்பதை.

டீச்சரின் அப்பா கள்ளுக்கடைக்குப் போனவர். போன நாள்களில் அம்மா சோற்றுப் பானையை மூடிவைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். பெண்கள் அந்தக் கம்பி வலைக்குள் காலெடுத்து வைத்ததில்லை என்று சொல்லிவிட முடியாது. சிலர் போனார்கள், பின்வாசலில் நின்று வாங்கினார்கள். ஆனால் வீட்டுக்குள், பிள்ளைகளோடு உட்கார்ந்து, சிரித்துப் பேசிக்கொண்டு ஒருவர் மது குடித்ததை டீச்சர் சிறு வயதில் பார்த்ததே இல்லை. குடி என்றால் வீட்டுக்கு வெளியே நடப்பது, வீட்டுக்குள் சண்டையாக வந்து சேர்வது.

துரைமார்களின் குடி வேறு. 1877ல் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் வந்த ரப்பர்க் கன்றுகளில் 9 கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றில் ஒரு மரம் இன்றும் அங்கே நிற்கிறது. அந்த மரங்களின் வழியில் வந்த ரப்பர், பேராக்கைத் துரைகளின் மாநிலமாக்கியது. 1895ல் தொடங்கிய ஈப்போ கிளப்பில் விஸ்கியும் சோடாவும் பாதிக்குப் பாதி கலந்த ஸ்டெங்கா ஓடியது. கசப்பு மருந்து தெளித்த ஜின் பாகிட் ஓடியது. ஜின்னோடு சேரும் டானிக் தண்ணீரின் கசப்புக்குக் காரணம் கொய்னா. அதே கொய்னாவைத் தோட்டத்துப் பாட்டிமார்கள் மலேரியாக் காலத்தில் பெரட்டுக் களத்தில் வரிசையில் நின்று, சர்க்கரையும் எலுமிச்சையும் இல்லாமல் விழுங்கினார்கள். டீச்சர் இன்றுவரை டானிக் வாங்குவதில்லை. பாட்டி சொன்ன கசப்பு அவருக்கு மறக்கவில்லை.

பழச்சாறு கலந்த மது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. சிங்கப்பூர் ராஃபிள்ஸ் ஹோட்டலில் சிங்கப்பூர் ஸ்லிங்கைக் கலந்தவர் ஞியாம் தொங் பூன் என்ற ஹைனானியர்; 1915ஐ ஒட்டிய ஆண்டுகளில் என்பார்கள். ஜின், செர்ரி மது, அன்னாசிச் சாறு, எலுமிச்சை. கோலாலம்பூருக்கும் ஒரு சொந்தப் பானம் உண்டு. 1970களில் ஹில்டன் ஹோட்டலின் ஏவியரி பாரில் ஜெஃப்ரி ஓங் உருவாக்கிய ஜங்கிள் பேர்ட், கருப்பு ரம், கம்பாரி, அன்னாசிச் சாறு, எலுமிச்சை, சர்க்கரைப் பாகு சேர்ந்தது. இன்று நியூயார்க்கிலும் லண்டனிலும் அதைக் கேட்டு வாங்கிக் குடிக்கிறார்கள். இனிப்பையும் புளிப்பையும் கம்பாரியின் கசப்பு கட்டுக்குள் வைத்திருப்பதுதான் அதன் சிறப்பு. மலேசியாவில் பிறந்த அந்தப் பானத்தை மலேசியர்களில் பலர் கேள்விப்பட்டதுகூட இல்லை என்பது வருத்தமான விஷயம்.

டீச்சர் ஈப்போவுக்கு வந்தது வேலை கிடைத்தபோது. பின்னாளில் அவர் பிறந்த தோட்டத்தில் ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்தார்கள். லயத்துக் குடும்பங்கள் சுங்கை சிப்புட்டிலும் ஈப்போவிலும் தாமான் வீடுகளுக்குச் சிதறின. புந்தோங்கில் அவருக்கு ஒரு பக்கம் சீனக் குடும்பம், மறுபக்கம் கச்சாங் பூத்தே வறுக்கும் குடும்பம். எட்டயபுரத்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் நடத்தும் கடலை, முறுக்கு வியாபாரத்தால் பெயர் பெற்ற வட்டாரம் அது. சீனப் புத்தாண்டு நெருங்கினால் சீன வீட்டு அம்மாள் சிவப்புத் தாள் ஒட்டிய பம்பளிமாஸ் இரண்டு கொண்டுவந்து வைப்பார். பெரும்பாலும் அதே பிப்ரவரி. தோட்டத்தில் இலை உதிர்ந்த மாதம், ஈப்போவில் பம்பளிமாஸ் வரும் மாதமாக ஆனது.

தம்புன் பம்பளிமாஸ் ஈப்போவின் பெருமை. ஊருக்குக் கிழக்கே, சுண்ணாம்புக் குன்றுகளின் அடிவாரத்தில் பழத்தோட்டங்கள். சாலையோரக் கடைகளில் சிவப்பு வலைப் பையில் போட்டு வரிசையாகத் தொங்கவிட்டிருப்பார்கள். மண்ணில் இருக்கும் சுண்ணாம்புதான் இனிப்புக்குக் காரணம் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். பழத்தைத் தேர்ந்தெடுக்க டீச்சர் நிறத்தைப் பார்ப்பதில்லை, எடையைப் பார்ப்பார். ஒரே அளவுப் பழங்கள் இரண்டைக் கையில் தூக்கி, கனமானதை எடுப்பார். பறித்து ஒரு வாரம் வீட்டில் கிடந்து, தோல் லேசாகச் சுருங்கினால் இன்னும் நல்லது. உள்ளே சாறு இனிப்பாக நிற்கும்.

அசாம் போய் அவருக்குச் சீன அம்மாளிடமிருந்து கிடைத்த பாடம். உப்பில் ஊறி வெயிலில் சுண்டிய அந்தப் பழத்தை முதல் முறை வாயில் போட்டபோது, நாக்கில் பட்டது அம்மாவின் சொம்புத் தண்ணீர்தான்: உப்பு முதலில், புளிப்பு பின்னால், கடைசியில் இனிப்பு. அன்றே பம்பளிமாஸோடு சேர்த்துப் பார்க்க அவருக்குத் தோன்றியது. மேலை நாட்டு மதுக்கடைகளில் சால்டி டாக் என்று ஒரு பானம் உண்டு. ஜின்னோ வோட்காவோ ஊற்றி, கிரேப்ஃப்ரூட் சாறு சேர்த்து, கிளாஸ் விளிம்பில் உப்புத் தடவிக் கொடுப்பார்கள். கிரேப்ஃப்ரூட் என்பதே பம்பளிமாஸும் சாத்துக்குடி இன ஆரஞ்சும் கலந்து, 18ஆம் நூற்றாண்டில் பார்படோஸ் தீவில் தோன்றிய பழம். ஆகவே தம்புன் பழம் அதற்குத் தாய்வழி உறவு. புந்தோங் சமையலறையில் நடந்தது நகல் இல்லை. மூலப்பொருள் இங்கேதான் இருந்தது.

பானம் கலக்கும் நாளில் சமையலறை மேசையில் செய்தித்தாள் விரிப்பார்கள். பழத்தின் தடித்த தோலை நான்காகக் கீறி உரித்து, உள்ளே இருக்கும் வெள்ளைப் பஞ்சையும் சுளையைச் சுற்றிய சவ்வையும் முழுவதும் நீக்க வேண்டும். கசப்பு பெரும்பாலும் அந்தச் சவ்விலும் பஞ்சிலும்தான். இந்த வேலைக்குப் பிளெண்டர் ஆகாது. விதையும் சவ்வுத் துணுக்கும் அரைபட்டால் சாறு மருந்தாகிவிடும். சுளை முத்துகளை உதிர்த்து, மரக் கரண்டியால் மெல்ல அழுத்தி, வடிகட்டியில் பிழிய வேண்டும். பெரிய பழத்திலும் ஒன்றரை கிளாஸ் சாறு கிடைத்தால் அதிகம். சாடி நிறைய இரண்டு பழம் வேண்டும். கொஞ்சம் முத்துகளைப் பிழியாமல் எடுத்து வைத்துக் கடைசியில் மேலே தூவுவார். குடிக்கும்போது பல்லில் பட்டு உடையும்.

அசாம் போய் ஐந்தாறைக் கால் கிளாஸ் கொதிநீரில் போட்டு மூடிவைத்தால் அரை மணி நேரத்தில் ஊறிவிடும். பழத்தைக் கையால் பிசைந்து, கொட்டையை மட்டும் எறிந்துவிட்டு எல்லாவற்றையும் சாடியில் சேர்க்க வேண்டும். இன்னொரு பாத்திரத்தில் சம அளவு சர்க்கரையும் தண்ணீரும், நசுக்கிய இஞ்சி ஒரு துண்டும் போட்டுச் சூடாக்கி, சர்க்கரை கரைந்ததும் இறக்கி ஆறவிட வேண்டும். கருப்பட்டிப் பாகு இங்கே பொருந்தாது. அதன் புகை வாசனை பம்பளிமாஸின் மென்மையை அமுக்கிவிடும். கஸ்தூரி எலுமிச்சை பத்தாவது வேண்டும். அதையும் அழுத்திக் கசக்கக் கூடாது. விதை நசுங்கினால் கசக்கும்.

ஐஸ் விஷயத்தில் டீச்சர் கறார். முந்திய இரவே பிளாந்தா மார்ஜரின் டப்பாக்களில் கொதித்து ஆறிய தண்ணீரை ஊற்றி உறையவைப்பார். பெரிய கட்டி மெதுவாகக் கரையும், சாறு நீர்த்துப் போகாது. புதினாவை இரண்டு உள்ளங்கைக்கு நடுவே ஒருமுறை தட்டிப் போடுவார். கசக்கினால் இலை கறுக்கும். சோடா எல்லாவற்றுக்கும் கடைசி. ஊற்றியபின் கரண்டியை ஒருமுறை அடியிலிருந்து மேலே தூக்கினால் போதும். அதற்குமேல் கலக்கினால் வாயு போய்விடும்.

இந்தப் பானத்தில் சிலருக்கு விலக்கு உண்டு. 1989ல் கனடாவில் டேவிட் பெய்லியின் குழு, ஃபெலோடிபின் என்ற இரத்த அழுத்த மருந்தோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஆராய்ந்தது. மதுவின் சுவையை மறைக்க கிரேப்ஃப்ரூட் சாறு கலந்தார்கள். இரத்தத்தில் மருந்தின் அளவு எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு ஏறியது. காரணம் மது அல்ல, சாறு என்று தெரிந்தது. குடலில் மருந்தைச் சிதைக்கும் நொதியை அந்தப் பழத்திலுள்ள ஒரு வகைப் பொருள்கள் முடக்கிவிடுகின்றன. பம்பளிமாஸிலும் அவை உண்டு. கொலஸ்டிராலுக்குக் கொடுக்கும் சிம்வாஸ்டாட்டின் போன்ற மருந்துகளுக்கும் இது பொருந்தும். டீச்சரின் அண்ணன் மருந்து சாப்பிடுபவர். "அண்ணே, உங்களுக்கு இது வேணாம். டாக்டர்கிட்ட கேட்டுட்டு வாங்க, அதுவரைக்கும் அன்னாசி" என்று அவருக்குத் தனி கிளாஸ் போகும். வீட்டில் விருந்து வைக்கும் எவரும் இதைத் தெரிந்துவைத்திருப்பது அவசியம்.

சாடியில் ஏன் மது இல்லை? தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு அவர் வீட்டில் கூடுகிறவர்களைப் பார்த்தால் விளங்கும். உடன் வேலைபார்த்த மலாய் ஆசிரியைகள், சீன அம்மாளின் பேரப்பிள்ளைகள், தோட்டத்தில் கூடப் படித்தவர்கள், கோயிலுக்கு விரதம் இருக்கும் மருமகள். எல்லாரும் ஒரே சாடியிலிருந்து ஊற்றிக் குடிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. மது வேண்டுபவர் பக்கத்து மேசைக்குப் போய், தம் கிளாஸில் தாமே 30 மில்லி அளந்து ஊற்றிக்கொள்ளலாம். அளக்கும் குப்பி அங்கேயே இருக்கும். முத்திரையுள்ள போத்தல் தவிர வேறெதையும் அவர் வீட்டுக்குள் விடுவதில்லை. லயத்தில் சாம்சு என்ற மலிவுச் சாராயம் குடித்துப் பார்வை மங்கியவர்களை அவருக்குத் தெரியும். 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மது பலரின் உயிரைக் குடித்தபோது, இறந்தவர்களில் பிழைப்புக்காக வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள் அதிகம் என்ற செய்தியைப் படித்து அன்று முழுதும் அவரால் சாப்பிட முடியவில்லை. மலிவான விஷம் கூலிக்காரனைத்தான் தேடிப் போகிறது என்றார்.

அவர் தாமும் குடிப்பார். ஒரு கிளாஸ், அரை அளவு ஜின். தம்பி மகன் முதல் முறை அதைப் பார்த்து, "அத்தை, நீங்களுமா?" என்று கேட்டான். "உங்க தாத்தா கடையில நின்னு குடிச்சாரு. நான் என் வீட்டுல, உங்க எல்லாரு முன்னாடியும் உட்கார்ந்து குடிக்கிறேன். அவ்வளவுதான்" என்றார். அம்மா இருந்திருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பாரா என்று அவரிடம் கேட்டதற்கு, ஜின்னை ஏற்றிருக்க மாட்டார், சாடியை ஏற்றிருப்பார் என்று பதில் வந்தது.

பம்பளிமாஸ் கிடைக்காத மாதங்களில் பீடோர் கொய்யா, இல்லாவிட்டால் அன்னாசி. தீபாவளியன்று கூட்டம் அதிகமாகிச் சாடி காலியாகிவிட்டால் கைகொடுப்பது அம்ப்ரா. முன்பு லயத்துப் பின்புறம் உப்பும் மிளகாயும் தொட்டுத் தின்ற அதே காய். சென்ற முறை அந்த வேலை தம்பி மகனிடம் போனது. "தோலைச் சீவாத, பச்சை நிறமே தோல்லதான் இருக்கு. கொட்டையைச் சுத்தி வெட்டி எடுத்துட்டுப் பிளெண்டர்ல போடு. முள்ளு முள்ளா இருக்கும், ரெண்டு தடவை வடிகட்டு" என்று டீச்சர் கூடத்திலிருந்து குரல் கொடுத்தார். இதற்கும் அசாம் போய் உண்டா என்று அவன் கேட்டான். உண்டு, ஆனால் பாதிதான். அம்ப்ராவுக்கே புளிப்பு அதிகம்.